இடையன்கரிசலுக்குக் கடல் வந்து போனது

எவர்சில்வர் மூடியில் பித்தளைத் தாயக்கட்டைகள் விழுகிற சத்தம் இப்படி இருக்கும்: முதலில் கணீரென்று இரண்டு அடி, பிறகு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு விளிம்புவரை ஓடும் சலசலப்பு, அப்புறம் கிணற்றுக்குள் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஓர் அடக்கம். எனக்கு இருபத்தொன்பது வயதாக இருந்தபோது, இடையன்கரிசல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ஓய்வறையில், மதிய நேரங்களில் அதைக் கேட்டேன். நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. யாராவது சமையலறையில் மூடியைத் தவறவிட்டால் இப்போதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

இன்று அந்த ஆட்டத்தை எல்லோரும் ஆடுகிறார்கள். கல்லூரிகளில் அதற்குச் சங்கம் இருக்கிறது, கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு இலை எடுத்த மேசையிலேயே ஆடுகிறார்கள், போன மாதம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் வீடு தேடி வந்து, "நாலு பேர் மூலையில உட்கார்ந்து ஆடின ஆட்டம் எப்படிம்மா ஊர் ஆட்டமாச்சு?" என்று கேட்டாள். மக்களுக்குக் கதை தேவைப்பட்டது, காலம் கனிந்திருந்தது என்று அவளுக்குப் பிடித்த மாதிரி எதையோ சொன்னேன். எழுதிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனாள். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு ஆபரேட்டர்கள். சண்முகவடிவு அக்கா மூத்தவள், வாயில் எப்போதும் பாக்கு. ராஜாமணி உள்ளூர்க்காரி, அவள் புருஷனுக்கு பஜாரில் சாக்குக்கடை. ரெஜினாள் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள், இருபத்து மூன்று வயது. நான் சௌந்தரம், மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, எழுதின கவிதைகளையெல்லாம் தபாலில் திரும்பப் பெற்றுவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டவள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஊர் உண்டு உறங்கும், அழைப்பு வராது, ஒருத்தி போர்டில் இருக்க மற்ற மூவரும் ஓய்வறைத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடுவோம்.

ஒருநாள் ராஜாமணியின் சோழி பழமாகப் போகிற நேரத்தில் வெட்டுப்பட்டது.

"வெட்டு வெட்டுன்னா என்ன அர்த்தம்? அவ யாரு, எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தா, யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் ராஜாமணி, நிஜமான கோபத்தோடு.

"ஏளா, சோழிக்கு எந்த ஊரு, என்ன சோலி?" என்றாள் அக்கா.

"ஏன், சோழி கடல்ல இருந்துதானக்கா வந்துச்சு," என்றாள் ரெஜினாள்.

அவ்வளவுதான் தொடக்கம். சோழிக்கு ஒரு பெயர் வைத்தோம், பெயர் வைத்ததற்கு ஒரு பசி வந்தது, பசித்தவள் நடக்க ஒரு வழி வேண்டியிருந்தது, வழியில் என்ன இருக்கிறது என்று சொல்வது படித்தவள் என்பதால் என் வேலையாயிற்று. நான் சொல்வேன்: எதிரே ஒரு கோட்டை, கதவு சாத்தியிருக்கிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் தாயக்கட்டையை உருட்டுவோம், கட்டை சொன்னதை யாரும் மாற்றக் கூடாது. ஒரு மாதத்தில் தரையில் கட்டம் போடுவதை விட்டுவிட்டோம். அக்கா பல்லில்லாத ஒரு ராஜாவாக ஆனாள், ராஜாமணி ஊர் ஊராக நிழல் விற்கும் வியாபாரியாக ஆனாள்.

ரெஜினாள் மட்டும் வேறு ஆளாக மாட்டேன் என்றாள். "நான் நானாவே இருக்கேங்கா. ஒரு வள்ளம் மட்டும் குடுங்க. சவேரியைத் தேடிப் போறேன்."

சவேரி அவளுடைய அண்ணன். நான்கு வருஷத்துக்கு முன் வெங்காயம் ஏற்றிய தோணியில் கொழும்புக்குப் போனவன், தோணியும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவர்கள் அம்மா இறந்தவர்களுக்கான பூசை வைக்க விடாமல், தினமும் மதியம் அவனுக்கும் சேர்த்துத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் எங்கள் ஆட்டத்துக்குள் ஒரு கடல் வந்தது. இடையன்கரிசலிலிருந்து நிஜக் கடல் அறுபது மைல்.

போர்டில் இருக்கிறவள் ஆட முடியாமல் போவது பாவம் என்று ஓய்வறை டெலிபோனின் ரிசீவரை எடுத்து மூடியின் பக்கத்தில் கிடத்திவைப்போம். கட்டை விழும், நான் எண்ணைச் சொல்வேன், போர்டில் இருப்பவள் ஹெட்போனில் கேட்டுவிட்டு ஆபரேட்டர்களின் வழக்கப்படி அதைத் திருப்பிச் சொல்வாள். யாராவது எண் கொடுத்தால் திருப்பிச் சொல்லி உறுதி செய்யவேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாள் கற்றுத்தந்த பாடம், சந்தேகப்படக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்ததுதான். ஒரு புதன்கிழமை அக்கா போர்டில் இருந்தாள், பாக்கை மென்றபடி பிளக்கைத் தவறான துளையில் சொருகிவிட்டாள். பஞ்சாலை மானேஜரின் டெலிபோன் எங்கள் ஓய்வறையோடு இணைந்து, அவர் ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டபோது நால்வருக்கும் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு ஓட்டை வள்ளத்துல நின்னுச்சே, கரை சேர்ந்துச்சா?" என்றார்.

"சார், அது தெரியாம நடந்த தப்பு சார்."

"அது தெரியும்மா. இன்னைக்கு ஒரு மணிக்கும் அந்தத் தப்பைச் செய்ய முடியுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அவரிடமிருந்து மருந்துக்கடைக்கு, மருந்துக்கடையிலிருந்து டாக்டர் வீட்டுக்கு, அங்கிருந்து தியேட்டருக்கு என்று அந்தத் தப்பு ஊருக்குள் நடந்தது. லைன்மேன் சுப்பையா யாரும் கேட்காமலேயே எல்லாக் கோடுகளையும் ஒரே முடிச்சில் கட்டிக் கொடுத்தார். ஊரில் இருந்தவை நூற்று நாற்பது டெலிபோன்கள், ஒவ்வொன்றையும் சுற்றி இருபது பேர், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மைக்செட்காரர் ரிசீவரின் காதுப்பக்கத்தில் மைக்கைக் கட்டி ஒலிபெருக்கியில் விட்டார். ஆட்டம் எங்கள் நால்வருடையதாக இருந்தது அந்த வாரம் வரைக்கும்தான்.

கடல் முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஒரு மணிக்கு ரெஜினாள் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினாள், ஒன்று பத்துக்குக் கீழ பஜார் வழியாக, கணுக்கால் ஆழத்தில், வெதுவெதுப்பாக, நுரையை ஓரத்தில் தள்ளிக்கொண்டு, வழி தெரிந்த விருந்தாளி மாதிரி வந்தது. இரண்டு மணிக்கு நான் "இன்னைக்கு இம்புட்டுத்தான்" என்றதும் திரும்பிப் போயிற்று. போன இடத்தில் சில நண்டுகளும் சுவரோரம் வெள்ளையாக ஒரு கோடும் மிச்சம்.

ஊருக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஜவுளிக்கடைக்காரர் கீழ்த்தட்டுச் சேலைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில், மதியம் ஒன்று முதல் இரண்டு வரை தெருவில் மிளகாய் வற்றல் காயப்போட வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். அதன் பிறகு எரிச்சலும் பழகிவிட்டது. கட்டில்களுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள், கடைகளில் மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினார்கள், தீப்பெட்டி ஆபீஸ்கள் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலையை நிறுத்தின, தியேட்டரில் மேட்னி இரண்டரைக்குத் தள்ளிப்போயிற்று, நண்டு விற்க ஆள் வந்தது, நண்டு சமைக்கத் தெரியாத பெண்கள் ரெஜினாளிடம் பக்குவம் கேட்க டிரங்க்கால் போடக் காத்திருப்பவர்கள்போல எக்ஸ்சேஞ்சில் வந்து நின்றார்கள். நடுத்தெருவில் படுக்கையாய்க் கிடந்த ஒரு பெரியவர், "கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மூணு மவனும் சொன்னானுவ, கடைசியில அதுவா கட்டிலுக்கு வந்துட்டு," என்று காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

பெண்களின் சேலைக் கரைக்கு மேலே உப்பு ஒரு கோடு போட்டது. முதலில் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தார்கள், பிறகு அந்தக் கோடு இல்லாத சேலையைக் கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போவது குறைச்சல் என்றாயிற்று, ஏனென்றால் கடல் மேலத்தெருவின் மேட்டுக்கு ஏறவில்லை. மேலத்தெருப் பெண்கள் கல்யாணத்துக்குப் புறப்படுமுன் அண்டாவில் உப்பைக் கரைத்துச் சேலை நுனியை நனைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தரகர்கள், பையன் என்ன வேலை என்பதற்கு முன்பு, வீட்டுக்குக் கடல் வருமா என்று விசாரித்தார்கள்.

எதிர்ப்பும் வந்தது. பள்ளிக்கூடத் தமிழாசிரியர் ஒருவரும் கிறிஸ்தவ ஊழியக்காரர் ஒருவரும் ஒரே மேடையில் ஏறி, இந்த ஆட்டம் ஆடுகிறவள் தன் பெயரை மறப்பாள், வீட்டில் உலை வைத்ததை மறப்பாள், அது எப்படியெனில் என்று ஆட்டத்தின் விதிகளை முழுசாக விளக்கிப் பேசினார்கள். அதுவரை ஆடத் தெரியாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். மறுவாரம் தையற்கடையில் ஓர் ஆட்டம், சலூனில் ஓர் ஆட்டம், தீப்பெட்டி ஒட்டுகிற பெண்களிடம் ஏழெட்டு ஆட்டம். ஆனால் கடல் எங்கள் ஆட்டத்துக்கு மட்டும்தான் வந்தது, நான் சொன்னால் மட்டும்தான் போனது.

இதில் நான் என்ன ஆனேன் என்பதைச் சொல்லவேண்டும். காய்கறிக்கடையில் அரைக்கிலோ தக்காளி என்று வாய்திறந்தால் தெருவே திரும்பும். என் கவிதைகளைத் திருப்பி அனுப்பிய உலகம் என் குரலுக்காகச் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்தது. நான் சொற்களை இழுக்கத் தொடங்கினேன். கட்டையை உருட்டுமுன் ஒரு நிமிஷம் சும்மா இருப்பேன். ஊரே மூச்சை அடக்கும், அது எனக்குக் கேட்கும். ரெஜினாள் வள்ளத்தில் நின்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அவள் குரல் உடைகிற இடம் எது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வெட்கத்தோடு எழுதுகிறேன், அந்த இடத்துக்கு அவளை அடிக்கடி கூட்டிக்கொண்டு போனேன்.

கடலும் அவளுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. ஒருநாள் எக்ஸ்சேஞ்ச் படியில் ஒரு வெங்காயம் ஒதுங்கியது. இன்னொரு நாள் தோணிப் பலகைத் துண்டு. பிறகு ஒரு சட்டை, நான்கு வெள்ளைப் பொத்தானும் ஒரு பச்சைப் பொத்தானும் வைத்தது.

"பச்சைப் பொத்தானு அம்மா தைச்சது," என்றாள் ரெஜினாள். அழவில்லை. சட்டையைப் பிழிந்து, உதறி, ஓய்வறை ஜன்னலில் காயப்போட்டாள். "அவன் கிட்டத்துல வந்துட்டாங்கா."

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அவள் தூரத்தில் தோணியைப் பார்த்துவிட்டாள். அணியத்தில், தோணியின் முன்முனையில், ஓர் ஆள் நிற்கிறான். நூற்று நாற்பது டெலிபோன்களுக்கும் கேட்க நான் சொன்னேன்: நாளை ஒரே உருட்டு, தாயம் விழுந்தால் சவேரி இறங்கி வருவான், வேறெது விழுந்தாலும் தோணி திரும்பிப் போகும், அவள் மறுபடி தேடவேண்டும். தாயம் விழுவது எட்டில் ஒரு தடவை. விழாது என்றுதான் கணக்குப் போட்டேன்.

புதன் காலை வியாபாரிகள் சங்கச் செயலாளர் அழகர்சாமி நாயுடுவும் தியேட்டர் முதலாளியும் வந்தார்கள். செயலாளர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்.

"அண்ணன் இன்னைக்கே கிடைச்சிட்டான்னா அப்புறம் நாளைக்கு ஊர் எதைம்மா கேக்கும்?" என்றார்.

"கடலும் வராதும்மா," என்றார் முதலாளி. "தேடறதுக்குத்தான வருது அது."

"வெள்ளிக்கிழமை ரேடியோவில இருந்து உங்க குரலைப் பதிவு பண்ண வராங்க. நாடு முழுக்கக் கேக்கப் போவுது. ரெண்டு நாள்தான."

"கட்டை விழறது என் கையில இல்லைங்க," என்றேன்.

செயலாளர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "கையில இல்லைதான் தாயி. வாயில இருக்குல்ல."

நான் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. காபி வாங்கிவரச் சொன்னேன்.

அன்று மதியம் போர்டு முறை ரெஜினாளுடையது. சண்முகவடிவு அக்கா, "நான் போர்டுல இருக்கேன், நீ உள்ள போயி உன் கண்ணால பாருளா," என்றாள். ரெஜினாள் ஹெட்போனைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். நான்தான், "டூட்டி லிஸ்டை மாத்தினா சூப்பர்வைசர் கேப்பாரு, வேண்டாம்," என்றேன். அவர் அன்று லீவு. அது எனக்குத் தெரியும்.

அவள் அம்மா காலை பஸ்ஸில் வந்திருந்தாள். எக்ஸ்சேஞ்ச் வாசல் பெஞ்சில், மகன் நனைந்து வருவான் என்று ஒரு மாற்று வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறியும் காலைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று கடல் முழங்கால் வரை வந்தது. மொட்டைமாடிகளில் ஏறி நின்றவர்கள் பஞ்சாலைக்குப் பின்னால் ஒரு பாய்மரத்தின் நுனி தெரிகிறது என்று ஒருவரையொருவர் தொட்டுக் காட்டினார்கள்.

ஒன்றே முக்காலுக்கு உருட்டினேன்.

ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி. மற்றது மொட்டை. தாயம்.

என் எதிரே ராஜாமணி இருந்தாள், அக்கா அப்போதுதான் பாக்கைத் துப்ப ஜன்னலுக்குப் போயிருந்தாள். ராஜாமணி கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரிசீவர் மூடியின் பக்கத்தில் கிடந்தது. அதற்குள் ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது, அந்த அமைதி என்னுடையது, நான் உண்டாக்கியது, அது நாளைக்கு இருக்காது என்பதைத் தவிர அந்தக் கணத்தில் நான் வேறொன்றையும் நினைக்கவில்லை.

"மூணு," என்றேன்.

ரிசீவரில் ரெஜினாளின் வேலைக்குரல், தெளிவாக, மரியாதையாக: "மூணா அக்கா?"

"மூணு."

"மூணு. சரிக்கா."

ராஜாமணி கையை நீட்டிக் கட்டைகளை அள்ளி மூடிக்கொண்டாள். சாக்குக்கடைக்குப் பக்கத்திலேயே அவள் புருஷன் அந்த மாதம்தான் நண்டுக்கடை போட்டிருந்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவள் கட்டையைத்தான் மூடினாள், பொய்யைச் சொன்னவள் நான்.

கடல் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு போயிற்று. நான் இன்னும் "இன்னைக்கு இம்புட்டுத்தான்" என்று சொல்லவில்லை, அது காத்திருக்கவில்லை. முழங்கால் தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் வடிந்து, பஜாரில் மீன்கள் துடித்தன, பிள்ளைகள் வாளிகளோடு ஓடினார்கள். பாய்மரத்தைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அது பஞ்சாலையின் கொடிக்கம்பமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார்கள்.

வாசலில் அம்மா வேட்டியைப் பிரித்து மறுபடியும் ஒழுங்காக மடித்தாள். என்னைப் பார்த்து, "நீதான் கதை சொல்ற பிள்ளையா? நல்லாச் சொல்றம்மா. கடக்கரைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை கடல் வரவில்லை. வெள்ளிக்கிழமை ரேடியோக்காரர்கள் வந்தார்கள், பெரிய பெட்டி வைத்துப் பதிவு செய்தார்கள், நான் எப்போதையும்விட நன்றாகச் சொன்னேன். கடல் வராதது பதிவில் தெரியவே இல்லை. அந்த ஒலிபரப்புக்குப் பிறகுதான் மதுரையிலும் சேலத்திலும் சென்னையிலும் ஆட்டம் பரவியது, கேட்டவர்கள் ஆடினார்கள், ஆடியவர்களைக் கேட்க ஆள் சேர்ந்தது. இடையன்கரிசல் ஒரு மாதம் செங்கல்லை எடுக்காமல் வைத்திருந்தது. பிறகு கட்டில்கள் கீழே இறங்கின, மிளகாய் வற்றல் தெருவுக்கு வந்தது, மேட்னி பழைய நேரத்துக்குத் திரும்பியது. கடல் வந்தது நிஜமா என்று யாரும் வாதாடவில்லை, அது ஒரு வருஷம் நல்ல மழை பெய்ததைப் போல ஊர்ப்பேச்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் சின்னது. நால்வர் ஆடியபோது நால்வருக்கும் கட்டை தெரிந்தது. ஊர் கேட்கத் தொடங்கியபோது என் வாய் மட்டும் தெரிந்தது. அதனால்தான் ஊர் ஆட்டமாயிற்று.

ஒரு மாதம் கழித்து ரெஜினாள் மாற்றல் உத்தரவோடு விடைபெற வந்தாள். மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, என்னிடம் கடைசியாக வந்தாள். கையில் பெட்டி. பெட்டிமேல் அந்தச் சட்டை மடித்து இருந்தது.

"சௌந்தரக்கா," என்றாள், போர்டில் எண்ணை உறுதி செய்கிற அதே குரலில், குற்றம் சாட்டாமல், "மூணுதான?"

சொல்வதற்கு எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. கேட்க ஊர் இல்லை, ரேடியோ இல்லை, நாங்கள் இருவர் மட்டும்தான்.

"மூணுதான்," என்றேன்.

"சரிக்கா," என்றாள்.

சவேரிக்கு அவர்கள் அம்மா அந்த வருஷம் பூசை வைத்தாள். ரெஜினாள் கடல் எட்டாத தர்மபுரியில் வேலையில் சேர்ந்து, முப்பத்தேழு வருஷம் அங்கேயே இருந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றாள். இப்போது ஓசூரில் தங்கை மகளோடு இருக்கிறாள்.